மதிப்பெண்ணும் நிறமும்

ஆசிரியர் போடும் மதிப்பெண்ணில் மாணவரின் நிறம் கலக்கிறதா என்ற கேள்வி அமெரிக்கப் பள்ளிகளைப் பல ஆண்டுகளாக உலுக்குகிறது. 2020இல் சான் டியேகோ பள்ளி நிர்வாகம், தோல்வி மதிப்பெண்கள் எந்த இன மாணவர்களுக்கு அதிகம் விழுகின்றன என்ற கணக்கைச் சுட்டிக்காட்டி மதிப்பீட்டு விதிகளை மாற்றியது. 2025 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ நிர்வாகம் ‘சமத்துவ மதிப்பீடு’ என்ற பெயரில் அதையும் தாண்டிப் போக முனைந்து, பெற்றோரின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே பின்வாங்கியது. பாகுபாடு என்பதே கற்பனை என்கிறது ஒரு தரப்பு. கறாரான மதிப்பெண்ணே பாகுபாடுதான் என்கிறது மறுதரப்பு. கையில் இருக்கும் ஆதாரம் இரண்டு தரப்புக்கும் சாதகமாக இல்லை.

பாகுபாடு இருக்கிறது. டேவிட் குவின் என்ற ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. இரண்டாம் வகுப்புக் குழந்தை எழுதியதாகச் சொல்லி, ஒரே கட்டுரையை 1,500க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்தார். கட்டுரையில் வரும் சகோதரனின் பெயர் சிலருக்குப் போன பிரதியில் டஷான், மற்றவர்களுக்குப் போனதில் கானர். அமெரிக்கர் காதில் முதல் பெயர் கறுப்பினக் குழந்தையையும் இரண்டாவது வெள்ளையினக் குழந்தையையும் நினைவூட்டும். ‘இது வகுப்புக்குரிய தரத்தில் இருக்கிறதா’ என்று பொதுவாகக் கேட்டபோது, டஷான் பிரதிக்கு ‘ஆம்’ என்றவர்கள் ஏறக்குறைய 5 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு. எழுத்தில் எதை எதைப் பார்க்க வேண்டும், எதற்கு என்ன மதிப்பு என்று தெளிவான குறிப்பைக் கொடுத்துத் திருத்தச் சொன்னபோதோ, வேறுபாடு காணாமல் போனது. அதே ஆசிரியர்கள், அதே கட்டுரை. அளவுகோல் மங்கலாக இருந்த இடத்தில்தான் முன்முடிவு நுழைந்தது.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. ரீமா ஹன்னாவும் லீ லிண்டனும் இந்தியாவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாள்களின் முகப்பில் மாணவரின் சாதியைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதினார்கள். ஒடுக்கப்பட்ட சாதி என்று எழுதப்பட்ட தாளுக்குச் சிறிய அளவில் மதிப்பெண் குறைந்தது. அப்படிக் குறைத்தவர்கள் பெரும்பாலும் அதே சமூகங்களைச் சேர்ந்த ஆசிரியர்களே என்பது மனதைப் பிசைகிறது. பொதுத்தேர்வில் மாணவரின் பெயரை மறைத்துத் திருத்தும் நம் வழக்கத்தின் அருமை இங்கே விளங்கும்.

ஆனால் சீர்திருத்தக்காரர்கள் பலர் முன்வைக்கும் மருந்து வேறு. எழுதாத தேர்வுக்கும் பூஜ்ஜியத்துக்குப் பதில் 50 போடுவது, தேர்ச்சிக்கான கோட்டைக் கீழே இறக்குவது. இதன் விளைவை நார்த் கரோலைனா மாநிலம் பார்த்துவிட்டது. அங்கே 93 மதிப்பெண்ணுக்குக் கிடைத்த ‘ஏ’ கிரேடு, 2015-16 கல்வியாண்டு முதல் 90க்கே கிடைக்கும்படி விதி தளர்ந்தது. பிற கிரேடுகளும் அப்படியே. அதை ஆராய்ந்தவர்கள் கண்டது, பின்தங்கிய மாணவர்கள் முன்பைவிட அதிகமாக வகுப்புக்கு வராமல் போனார்கள் என்பதை. இத்தகைய தளர்வு யாருக்கு உதவும் என்று சொல்லப்படுகிறதோ அவர்களுக்கே அதிக இழப்பு. அதே மாநிலத்தில் இயற்கணித வகுப்புகளை ஆராய்ந்த சேத் கெர்ஷென்சன், கறாராக மதிப்பெண் போடும் ஆசிரியர்களிடம் படித்தவர்கள் மாநிலத் தேர்விலும் பிந்தைய கணித வகுப்புகளிலும் மேலாகச் செய்ததையும், அது எல்லா இன மாணவர்களுக்கும் பொருந்தியதையும் கண்டார். கறாரான ஆசிரியர் நல்ல ஆசிரியராகவும் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முதலில் சொன்ன விதி மாற்றம் நல்லாசிரியர், சுமாரான ஆசிரியர் என்று பார்க்காமல் மாநிலம் முழுவதற்கும் வந்தது.

சீர்திருத்தக்காரர்களின் ஒரு வாதத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். மாலையில் வேலைக்குப் போகும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை வீட்டுப்பாடத்தைத் தாமதமாகக் கொடுத்ததற்காக அவன் கணித அறிவின் மதிப்பெண்ணைக் குறைப்பது அநீதி. ஒழுங்கையும் அறிவையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். தோல்வி பிள்ளையை நொறுக்கிவிடும் என்ற கவலையும் உண்மையானது. அதற்காக, தெரியாததைத் தெரிந்ததாக எழுதிக்கொடுத்தால், கல்லூரி வாசலில் அவன் தனியாக நின்று உண்மையைத் தெரிந்துகொள்வான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி ஆசிரியர் முன்பே சொல்லியிருப்பார். ஏழைக் கறுப்பினக் குடும்பத்துக்கு அந்தத் தகவலைத் தருவது பெரும்பாலும் பள்ளியின் மதிப்பெண் ஒன்றுதான்.

சான் பிரான்சிஸ்கோ இதே பாடத்தை இன்னொரு வழியிலும் படித்தது. 2014இல் இன இடைவெளியைக் குறைப்பதற்காக எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தை எடுத்துவிட்டார்கள். உயர்கணித வகுப்புகளில் இன இடைவெளி குறையவே இல்லை என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். 2024இல் பாடத்தைத் திரும்பக் கொண்டுவர நிர்வாகக் குழு முடிவெடுத்தது; நகர வாக்காளர்களும் பெருவாரியாக அதையே கேட்டார்கள்.

குவினின் சோதனை காட்டும் வழி செலவு குறைந்தது. எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே திருத்தக் குறிப்பு, முடிந்த இடமெல்லாம் பெயர் மறைத்த தாள், சந்தேகம் வந்தால் இரண்டாவது ஆசிரியர். செலவு பிடிப்பது அடுத்த படி: குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு அந்த வாரமே கூடுதல் வகுப்பு, அதை நடத்த ஆளும் சம்பளமும். அமெரிக்கப் பள்ளி நிர்வாகங்கள் பணம் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான்.