கடைத்தெரு முதலில் ஊராருக்கு

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகிறவர்களுக்கு கே.ஜி.கண்டிகை என்பது பேருந்து நின்று கிளம்பும் ஓர் இடம், அவ்வளவுதான். சாலையின் ஒரு முனையில் முருகன் மலை, மறுமுனையில் நரசிம்மர் மலை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடிகள் கடலாகத் திரள்கின்றன. ஆனால் இரண்டு மலைக்கும் நடுவே நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளைவிக்கும் ஊர்களுக்கு அந்தக் கூட்டத்தால் வரும்படி சொற்பம். இதை மாற்றலாம் என்று யாராவது பேசத் தொடங்கினால் உடனே விடுதி, பூங்கா, அலங்கார வளைவு என்று யோசனை ஓடுகிறது. சுற்றுவட்டார ஜனங்கள் உரத்துக்கும் மளிகைக்கும் கூடுகிற கே.ஜி.கண்டிகைக் கடைத்தெருவைச் சீராக்குவதே முதல் வேலை என்பது என் கட்சி.

இதற்குச் சாட்சி பிரான்சின் தென்மேற்கில் இருக்கிறது. தோர்தோன் பகுதியிலுள்ள மோன்பாசியே, 1284-ல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு ஏற்படுத்திய சந்தை ஊர். இன்று அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 500 பேர். நடுவில் சதுரமான திடல், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரங்கள், ஓரமாக மரக்கூரைச் சந்தைக் கொட்டகை. தானியம் அளந்த பழைய அளவைகள்கூட அதற்குள் அப்படியே இருக்கின்றன. வியாழன்தோறும் இன்றும் சந்தை கூடுகிறது. வெளியூரார் அங்கே போவது காட்சிக்காகக் கட்டிய எதையும் பார்க்க அல்ல. சுற்றுப்புறத்து விவசாயி கொண்டுவரும் காளானையும் பாலாடைக்கட்டியையும் உள்ளூர்க்காரர் பேரம் பேசி வாங்குகிறாரே, அந்தப் புழக்கத்துக்குள் தாமும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பிறகு வயல்வழியே அடுத்த ஊருக்கு நடக்கிறார்கள். ஊராருக்குத் தேவைப்படாத சந்தையாக இருந்திருந்தால் 700 ஆண்டுகளுக்கும் மேலாக அது நின்றிருக்காது.

பிரான்சின் பணபலம் நமக்கு ஏது என்பார்கள். கொட்டகைக்கும் குடிநீருக்கும் பெரும்பணம் வேண்டாம். சந்தைக் குத்தகையில் வருகிற தொகையைச் சந்தைக்கே செலவழிக்கும் மனசு வேண்டும். வெளியாட்கள் வந்தால் நிலத்தின் விலை ஏறி ஊரார் வெளியேற நேரும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. பிரெஞ்சுக் கிராமங்கள் பலவற்றில் நகரத்தார் வாங்கிப்போட்ட விடுமுறை வீடுகள் குளிர்காலத்தில் பூட்டிக் கிடப்பது உண்மை. அதனால்தான் விடுதியிலிருந்து தொடங்கக் கூடாது என்கிறேன். விடுதிக்கு நிலம் வேண்டும். சந்தைக்கு வருகிறவர் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார், காசு விற்றவர் கையில் நிற்கும்.

சாமி கும்பிட வருகிறவர் சந்தைக்கு ஏன் வரப்போகிறார் என்ற கேள்விக்கு நம் திருவிழாக்களே பதில். தேரோடும் ஊரில் கடை போடாத காலம் உண்டா? இந்த மண்ணுக்கு இன்னொரு செழுமையும் உண்டு. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற தமிழக–ஆந்திர எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை மாறியும் இந்தப் பக்கத்துக் கடைகளில் தமிழும் தெலுங்கும் ஒரே பேரத்தில் கலந்துதான் ஒலிக்கின்றன. அம்மையார்குப்பத்துத் தறிச் சேலையும் மாம்பழக் காலத்துக் கூடைகளும் அந்தப் பேரத்துக்குள் வந்தால், இரண்டு மலைக்கு நடுவே ஒரு மணி நேரம் இறங்கி நிற்க யாத்திரிகருக்குக் காரணம் கிடைக்கும். மழைக்கு ஒதுங்கக் கூரை, சரியான தராசு, உள்கிராமங்களுக்கு மாலைப் பேருந்து எல்லாம் வேண்டும். ஆனால் கையிலுள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், விடியலில் கூடையோடு வந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் கழிப்பறை கட்டுங்கள்.