சலங்கைக்குக் காலாவதித் தேதி

"பரதம் கத்துக்கிட்டா பொண்ணு அடக்கமா வளரும்." பாரிட் புந்தாரில் மகளை நடன வகுப்பில் சேர்க்கிற எந்த அம்மாவிடம் காரணம் கேட்டாலும் முதலில் வருகிற பதில் இதுதான். முதுகு நிமிரும், ஞாபகசக்தி கூடும், நம்ம பண்பாடு தெரியும் என்பதெல்லாம் அடுத்து வரும். ஆடுவது சந்தோஷம் என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அடக்கத்துக்காகக் கற்றுக்கொடுக்கப்படும் கலைக்குக் காலாவதித் தேதி உண்டு. அது கல்யாணத் தேதி.

இந்த அடக்கம் பரதத்துக்குள் எப்போது வந்தது? சதிர் ஆடிய பெண்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. அவர்கள் ஆடிச் சம்பாதித்தார்கள், சொத்து வைத்திருந்தார்கள், காதலனிடம் கோபிக்கிற பதங்களை வெட்கமில்லாமல் அபிநயித்தார்கள். அது பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் குலத்திலேயே வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' எழுதியதற்குக் காரணம் இருந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் போராட்டத்துக்கும் காரணம் இருந்தது. சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் 1947இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டம் பொட்டுக்கட்டுவதோடு நிற்கவில்லை. கோயிலில் பெண்கள் ஆடுவதையே குற்றமாக்கியது. ஆடியவர்கள் வீட்டுக்குள் போனார்கள், ஆட்டம் வேறு வீட்டுப் பெண்களின் கைக்குப் போனது.

ருக்மிணி தேவியை வில்லியாக்குவதில் எனக்கு ஆர்வமில்லை. அவருக்கு நடன ஆசையை மூட்டியதே பாலேதான். ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவைப் பார்த்து மயங்கி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். பிறகுதான் மயிலாப்பூர் கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எல்லாம். 1935இல் ஒரு பிராமணப் பெண் மேடையேறிச் சதிர் ஆடியது சாதாரணத் துணிச்சல் இல்லை. ஆனால் அந்தத் துணிச்சலுக்கு ஒரு விலை இருந்தது. குடும்பப் பெண் ஆடலாம் என்று ஊரை ஒப்புக்கொள்ள வைக்க, சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியைக் கூட்ட வேண்டியிருந்தது. பாலசரஸ்வதி கடைசிவரை இதற்கு ஒத்துப்போகவில்லை. சிருங்காரத்தைச் சுத்தம் செய்ய அதில் என்ன அழுக்கு இருக்கிறது என்பதே அவர் கட்சி. இன்று அந்த மரபில் வந்த நிருத்யா பிள்ளை, எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு எங்களையே வெளியே நிறுத்தினீர்கள் என்று வெளிப்படையாகப் பேசுகிறார். நமக்குக் கப்பலேறி வந்து சேர்ந்தது பெரும்பாலும் அந்தச் சலவை செய்த வடிவம்தான். அதை ஐயாயிரம் ஆண்டுப் பண்பாடு என்று தீபாவளி விருந்துகளில் அறிவிக்கிறோம்.

பெண்ணை அடக்கமாக்கும் மெஷின் என்று ஒன்றை வைத்துவிட்டால் அதற்குள் ஆண் பிள்ளையை எப்படி அனுப்புவது? அதனால்தான் சலங்கை கட்டிய பையனைப் பள்ளியில் 'பொண்டான்' என்கிறோம். என் தாத்தா தோட்டத்துக் கூத்தில் திரௌபதி வேஷம் கட்டியவர். மறுநாள் காலையில் பால் மரம் வெட்டப் போனார். அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. அவ்வையாராக நடித்த டி.கே. சண்முகத்தை 'அவ்வை சண்முகம்' என்றே கொண்டாடிய சமூகம் நாம். சதிரைக் காப்பாற்ற இறங்கிய வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரே பெண் வேடமிட்டு மேடையில் ஆடினார். அதெல்லாம் எப்போது மறந்தது?

மலேசியாவில் இந்திய நடனம் என்றதும் உலகம் சொல்லும் பெயர் ராம்லி இப்ராஹிம். மலாய்க்காரர், ஆண், படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் (நம்ம தொழில்காரர் என்பதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை). பாலேயும் ஆடியவர். அடையாறு கே. லட்சுமணனிடம் பரதம் கற்று, 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் ஆடினால் கைதட்டுகிறோம். அவர் பத்திரிகைப் படத்தைப் பள்ளிக் கண்காட்சியில் ஒட்டுகிறோம். நம்ம வீட்டுப் பையன் கேட்டால் மட்டும் ஃபுட்சால் விளையாடப் போ என்கிறோம்.

கேரளத்தில் 2024 மார்ச்சில் ஒரு மூத்த நடனக் கலைஞர், மோகினியாட்டம் ஆண்களுக்கு ஆகாது என்று பேசினார். அதோடு கறுப்பு நிறத்தையும் இழுத்தார். ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணனைத்தான் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. அந்த மாதம் முடிவதற்குள் கேரள கலாமண்டலம் ராமகிருஷ்ணனை அழைத்து ஆடவைத்தது, ஆண்களையும் மோகினியாட்டத்தில் சேர்ப்பதென்று முடிவெடுத்தது. தமிழ்நாட்டில் நர்த்தகி நடராஜ், திருநங்கை, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பல ஆண்டுகள் தங்கிக் கற்று 2019இல் பத்மஸ்ரீ வரை போனார். அவர் ஆடுகிற நாயகி பாவத்தைப் பார்த்த பிறகும், பெண்மை என்பது பிறக்கும்போது ஆஸ்பத்திரியில் எழுதுகிற ஒரு வரி என்று யாராவது என்னிடம் வாதாடட்டும், கேட்கிறேன்.

பக்கத்து மாநிலத்துக் கதையும் இருக்கிறது. கிளந்தானின் மாக் யோங்கில் ராஜா வேஷத்தைப் பெண்தான் கட்டுவாள். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள கலை அது. 1990களில் அங்குள்ள மாநில அரசு அதைத் தடை செய்தது. 2019இல் தளர்த்தியபோதும் நிபந்தனைகள் போட்டது. இதைச் சொல்லி நாம் சிரிக்கிறோம். சிரிக்க நமக்கு என்ன தகுதி? அவர்களுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. நமக்கு மாமியார் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

என் பெரியம்மா மகள் பதினோரு வருஷம் ஆடியவள். அரங்கேற்றத்துக்குப் பெரியப்பா ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்தார். மூன்றாம் வருஷம் கல்யாணம். 'இனிமே எதுக்கும்மா' என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்பதுகூட இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நானோ பிறையில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் மெஷின் பார்க்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையாகச் சொல்கிறார்கள். வீட்டுக் கடன் இரண்டு சம்பளத்தில்தான் அடையும். பெண்ணின் மூளையை இந்தச் சமூகம் விடுதலை செய்துவிட்டது, மாதா மாதம் வெள்ளி வருகிறது. உடம்பு மட்டும் இன்னும் குடும்பச் சொத்து.

இதனால்தான் சந்திரலேகாவை நான் திரும்பத் திரும்ப யூடியூபில் தேடிப் பார்க்கிறேன். காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் கற்றவர். மேடையை விட்டுப் பல ஆண்டுகள் விலகியிருந்துவிட்டு, 1985இல் 'அங்கிகா'வோடு வந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். பரதத்தோடு களரியையும் யோகாவையும் சேர்த்தார். புராணக் கதையையும் நகைகளையும் கழற்றி வைத்தார். 'ஸ்ரீ'யில் பெண்கள் முதுகு வளைந்தபடி நகர்கிறார்கள். நிமிர்வதுதான் நாடகம், வேறு கதையே இல்லை. 2001இல் வந்த 'சரீரா'வில் கவிஞர் திஷானி தோஷி ஆடினார். அவ்வளவு மெதுவாக அசைகிற உடம்பைப் பார்க்க நமக்குக் கூச்சம் வரும். அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்காகத்தான் அவர் ஆடவைத்தார்.

அதற்காகப் பாரிட் புந்தாரில் எல்லோரும் 'சரீரா' ஆடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அலாரிப்பு போதும், வர்ணம் போதும். முப்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி திருவிழா மேடையில் ஆட வந்தால் 'இந்த வயசுல இது தேவையா' என்று முன்வரிசை முணுமுணுக்கக்கூடாது. ஐந்தாம் ஆண்டுப் பையன் பெயர் கொடுத்தால் ஆசிரியர் அவனைக் கோலாட்டத்துக்குத் தள்ளிவிடக்கூடாது. மகளின் உடை முழங்காலுக்குக் கீழ் எத்தனை அங்குலம் என்று கேட்கிற குழு, நட்டுவாங்கம் செய்பவருக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்கட்டும்.

அக்காவின் இரண்டாவது பிள்ளைக்கு இப்போது நாலு வயது. அடுத்த பங்குனி உத்திரத்துக்கு ஒரு பதமாவது ஆடேன் என்று போன வாரம் கேட்டேன். முடியாது என்று அவள் சொல்லவில்லை. "ஒத்திகைக்குப் போற அன்னிக்கு யாருடி பிள்ளைங்கள பாத்துப்பா?" என்று கேட்டாள். மச்சான் அங்கேதான் இருந்தார், கைப்பேசியில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது.