ஒழுங்கு என்ற ஒரு சொல்

கத்தோலிக்கத் திருச்சபையை விட்டுப் போக முடிவு செய்தவர், ஆலோசகர்களான நம் அறைக் கதவைத் தட்டுவதில்லை. போக மனமில்லாதவர்தான் வருகிறார். தான் தன்பாலீர்ப்பாளர் என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார். ஏதோ அனுமதி கேட்டு வந்துவிட்டார் என்று எண்ணி, நாம் உடனே மறைக்கல்வி ஏட்டைப் புரட்டுகிறோம்.

புரட்டுவதென்றால் முழுதாகப் புரட்டுவோம். அதன் 2357-ஆம் பத்தி செயலைப் பற்றியது. 2358 ஆளைப் பற்றியது. 2359 கற்புக்கான அழைப்பு. இந்த நிலையை இவர்கள் தாமாகத் தேர்ந்துகொள்வதில்லை என்று 1992 பதிப்பில் 2358 சொன்னது. 1997-இல் வந்த இலத்தீன் மூலப் பதிப்பில் அந்த வரி இல்லை. அதனிடத்தில், நாட்டமே புறநிலையில் ஒழுங்கு பிறழ்ந்தது என்ற தொடர் நுழைந்தது. 1986-இல் கர்தினால் ராட்சிங்கர் ஆயர்களுக்கு எழுதிய மடலில் இருந்த கருத்து அது. அந்த நாட்டம் பாவமல்ல என்பதும் அதே மடலில், அதே வாக்கியத்தில் இருக்கிறது. நம் மறையுரைகளில் அந்தப் பாதியை நான் கேட்டதில்லை.

இறையியலில் 'ஒழுங்கு' என்பது ஒன்று தன் இலக்கை நோக்கி நிற்கும் நிலை. அக்குவினாசைப் படித்தவர்களுக்கு அது புரியும். தமிழ் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. 'ஒழுங்கா இரு' என்று அதட்டி வளர்க்கப்பட்ட பிள்ளையிடம் போய் 'ஒழுங்கற்ற நாட்டம்' என்றால், அவன் காதில் விழுவது 'நீ கெட்டவன்' என்பதுதான். நாம் கற்பித்தது ஒன்று, அவன் சுமந்துபோவது வேறொன்று.

இயேசு சபையின் ஜான் மெக்நீல் நம் தொழில்காரர், உளசிகிச்சையாளர். இப்பொருளில் 1976-இல் நூல் வெளியிட்டார்; மறு ஆண்டே பேசத் தடை; 1987-இல் சபையிலிருந்தும் நீக்கம். மனதைச் சிதைப்பது நல்ல இறையியலாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். அவருடைய எல்லா முடிவுகளையும் நான் ஏற்கவில்லை. ஆனால் இந்த ஓர் உரைகல்லை நம் அறையில் வைத்திருக்கலாம்.

தன்பால் இணையருக்கு ஆசி வழங்குவது பற்றி 2023 டிசம்பரில் வந்த வத்திக்கான் பிரகடனத்துக்கு வேண்டிய மட்டும் மை செலவாகிவிட்டது. நமக்கு அதைவிட அவசரமானது வேறு. பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சையைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதை மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஒழுங்கீனம் என்ற சொல் கடைசியில் யாரிடம் வந்து சேர்ந்திருக்கிறது, பாருங்கள்! தூக்கம் கெட்டு, சாக நினைத்து வருகிறவரை மருத்துவரிடம் தயங்காமல் அனுப்புங்கள். பரிந்துரைக் கடிதத்தில் அந்தக் காரணத்தை மட்டும் எழுதுங்கள்.