ஏற்றியவர் யார் என எழுதுக

மலேசியாவின் கேரி தீவில் புதிய துறைமுகம் அமைப்பது குறித்துப் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அது எழும் நாளில் நினைவு மலர்களும் வரலாற்று நூல்களும் உடன் எழும். 'தமிழர்கள் கப்பலில் கொண்டுவரப்பட்டனர்' என்ற தொடர் அவற்றில் தவறாது இடம்பெறும். இலக்கணம் வழுவாத தொடர்தான்; ஆயின் கொண்டுவந்தவர் யார் என்பது அதில் இல்லை.

நாகப்பட்டினத் துறை இருவகைக் கப்பல்களைக் கண்டது. 1658இல் ஒல்லாந்தர் அதனைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். அடுத்த ஆண்டு முதல் 1661 வரை, பிஜப்பூர்ப் படைகளால் தஞ்சை நாடு சீரழிந்து கிடந்த வேளையில், அவர்தம் கிழக்கிந்தியக் கம்பெனி நாகையிலும் பழவேற்காட்டிலும் 8,000 முதல் 10,000 பேர் வரை விலைக்கு வாங்கிற்று. பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். அஃது அடிமை வாணிகம். ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத்தில் தொடங்கும் நம் வரலாற்று நூல்கள் அம்மக்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

அதே துறையிலிருந்து பின்னாளில் பினாங்குக்கும் இன்றைய கிள்ளான் துறைமுகத்துக்கும் நீராவிக் கப்பல்கள் வந்தன. அவற்றில் வந்தோர் முதலில் சஞ்சி என்னும் ஒப்பந்தத்தில் கட்டுண்ட கூலிகள். 1910இல் சஞ்சி முறை ஒழிக்கப்பட்டபின் பெரும்பாலும் ஆள் திரட்டும் கங்காணி வழி வந்தோர். சஞ்சிக்காலம் முடியுமுன் வேலையை விட்டகன்றால் சிறை. ஆயினும் அவர்களை விற்க இயலாது. அவர்தம் பிள்ளைகள் பிறப்பால் உடைமை ஆகவில்லை. சினத்தால் இதனையும் அடிமை வாணிகம் என எழுதுவோர், தஞ்சையில் விலைபோனவர்களின் துயரைத் தம்மை அறியாமலே சிறிதாக்குகின்றனர். 'பிழைப்புத் தேடி வந்தனர்' என எழுதுவோரோ கடனையும் சிறையையும் மூடி மறைக்கின்றனர். இவ்விரண்டாவது பிழையே கொடிது. ஏனெனில் அது பணிவோடு செய்யப்படுகிறது.

ஏற்றியவர் பலர். 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் பணம் கட்டினர். அரசு அதனை நடத்தியது. கங்காணி தன் சொந்த ஊருக்கே சென்று ஆள் திரட்டினான். அவன் நம்மவன். செயப்பாட்டு வினை வெள்ளைத் துரையை மட்டுமா காக்கிறது? நம் வீட்டுப் பெரியவர் சிலரையும் சேர்த்தே காக்கிறது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அவ்வாள்திரட்டல் தொடர்ந்தது.

எவர்மேல் கண்வைத்து எழுதுவது என்பதும் சொல்லுக்கு நிகரான பொறுப்பே. 1781இல் சோங் என்னும் ஆங்கிலேய அடிமைக் கப்பலின் மாலுமிகள் 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கரைக் கடலில் எறிந்தனர். உரிமையாளர்கள் நீதிமன்றத்தில் கேட்டது சரக்கிழப்புக்கான காப்பீட்டுத் தொகை. கப்பலின் பெயர் நிலைத்தது; மாண்டவர் பெயர்கள் நிலைக்கவில்லை. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குச் சென்ற ட்ரூரோ கப்பலின் பட்டியலோ ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் ஊரையும் தாங்கி நிற்கிறது. ஆளை அடையாளம் காணவே அதிகாரி அதனை எழுதினான். நாமோ அதில் மனிதரைக் காணலாம்.

கேரி தீவிலும் அதுவே நிலை. தோட்டத் துரை எட்வர்ட் வாலண்டைன் கேரிக்கு முழுப்பெயர் உண்டு. தீவும் அவர் பெயரையே சுமக்கிறது. பால் வெட்டிய பெண் 'தொழிலாளர்' என்ற பன்மையில் கரைந்துவிடுகிறாள். துரைக்கு முன்பே அங்கு வாழ்ந்த மா மெரி பழங்குடி மக்களோ 'வெறுங்காடு' என்ற ஒரு சொல்லில் இல்லாதவராகின்றனர்.

பெற்றோர் வாய்மொழியை நினைவில் வைத்திருக்கும் முதியோர் பந்திங்கிலும் கிள்ளானிலும் இன்னும் வாழ்கின்றனர். மலர்க்குழுவினர் அவர்களிடம் கப்பலின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பலாகாது. ஆள் திரட்டிய கங்காணி யார், கடன் எவ்வளவு, ஊரில் விட்டுவந்த பிள்ளைகளின் பெயர்கள் எவை என்றும் கேட்டு, அவர்கள் சொன்னபடியே அச்சேற்ற வேண்டும்.