விடுபட்ட குழந்தை

சட்டத்தை மொழிபெயர்ப்பவர்களுக்குச் சில சொற்கள் பொறி வைத்துக் காத்திருக்கும். தத்தெடுப்பு விதிகளில் அப்படி ஒன்று உண்டு. பெற்றோர் இல்லை என்றோ, இருந்தும் மனமறிந்து ஒப்படைத்துவிட்டார்கள் என்றோ உறுதியான பிறகே ஒரு குழந்தையைத் தத்துக் கொடுக்க முடியும். அதற்குமுன் அது 'சட்டப்படி விடுபட்ட' குழந்தை என்று குழந்தைகள் நலக் குழு அறிவிக்க வேண்டும். ஆங்கில மூலத்தில் இருப்பது சுதந்திரத்தைக் குறிக்கும் சொல். தமிழில் 'விடுபட்டது' என்றால் விடுதலை அடைந்தது என்றும் பொருள், கணக்கில் விட்டுப்போனது என்றும் பொருள். இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவே ஒரு வயதுக் குழந்தை மாட்டிக்கொண்டது திருவனந்தபுரத்தில், 2021இல்.

நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 2020 அக்டோபரில் பிறந்த குழந்தை அது. பிறந்த சில நாட்களிலேயே தைக்காட்டில் உள்ள கேரள மாநில சிசு க்ஷேம சமிதியின் கைக்குப் போனது. தன் சம்மதம் இல்லாமல் தன் பெற்றோரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள் என்றார் இளம் தாய். அவர் சம்மதத்தோடுதான் கொடுத்தோம் என்றார்கள் பெற்றோர். 2021 ஆகஸ்டில் குழந்தை ஆந்திரத் தம்பதி ஒன்றின் வீட்டுக்குப் போய்விட்டது. வஞ்சியூர் குடும்ப நீதிமன்றத்தின் இறுதி உத்தரவு மட்டுமே பாக்கி. தாய் தலைமைச் செயலகத்தின் முன் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்.

அக்டோபர் 25 அன்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் எழுந்து, தாய் என்று ஒருவர் உரிமை கோருகிறார், உத்தரவை நிறுத்திவைக்க வேண்டும் என்றது. நீதிமன்றம் நிறுத்தியது. நவம்பரில் குழந்தை திரும்பக் கொண்டுவரப்பட்டது. மரபணுச் சோதனை தாயின் பக்கம் பேசியது. 24ஆம் தேதி குழந்தை தாயிடம் போய்ச் சேர்ந்தது. விதிப்படி காத்திருந்து, விதிப்படி குழந்தையைப் பெற்று வளர்த்த ஆந்திரத் தம்பதியின் வீட்டில் ஒரு தொட்டில் காலியானது. அவர்கள் செய்த தவறு எதுவுமில்லை.

இந்தக் கதையில் யாரும் அதிகம் கவனிக்காத பாத்திரம் ஒன்று உண்டு. அரசு வக்கீல். சாதாரண வக்கீலுக்குக் கட்சிக்காரர் யார் என்பதில் சந்தேகம் இருக்காது. குழந்தைகள் வழக்கில் அரசு வக்கீலுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. விதிகளை அமல்படுத்துவது அரசு. காப்பகத்துக்கு உரிமம் தருவது அரசு. சமயத்தில் காப்பகத்தை நடத்துவதும் ஏறக்குறைய அரசே. தைக்காட்டுச் சமிதிக்குத் தலைவர் மாநில முதலமைச்சர். அதன் உரிமம் செல்லுபடியாகுமா என்ற கேள்வி அந்த நவம்பரில் நீதிமன்றத்திலேயே எழுந்தது. இலாகாவுக்காகப் பேசுவதா, குழந்தைக்காகப் பேசுவதா? இரண்டும் ஒன்றுதான் என்று சட்டம் நம்புகிறது. நடைமுறை அப்படி நம்ப விடுவதில்லை.

சட்டத்தில் குறை என்று சொல்ல முடியாது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு காப்பகமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். செய்யாவிட்டால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சோதனைக் குழு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அதிகாரியும் இருந்தாக வேண்டும். மனம் மாறிய பெற்றோர் திரும்பி வருவதற்கு இரண்டு மாத அவகாசமும் உண்டு.

தமிழ்நாட்டுக்காரர்கள் கேரளத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. நாடு முழுக்க எல்லாக் காப்பகங்களையும் 2017 முடிவதற்குள் பதிவு செய்யச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் தலைப்பிலேயே 'தமிழ்நாட்டு அநாதை விடுதிகளில் குழந்தைகள் சுரண்டப்படுவது' என்று நம் பெயர்தான் இருக்கிறது. வழக்கு தொடங்கியது 2007இல். தீர்ப்பு வந்தது 2017 மே மாதம். முதல் புகாரின்போது எட்டு வயதாக இருந்த குழந்தைக்குத் தீர்ப்பின்போது பதினெட்டு. அதாவது, சட்டத்தின் கண்ணில் அது குழந்தையே அல்ல.

பதிவேடு சரியாக இருந்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி. 2024 டிசம்பரில் அதே தைக்காட்டுச் சமிதியில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை படுக்கையை நனைத்ததற்காகக் காயப்படுத்தப்பட்டதாக மூன்று ஆயாக்கள் கைதானார்கள். போலீசுக்குப் புகார் கொடுத்தது சமிதியேதான் என்பதையும் சொல்ல வேண்டும். உரிமத்தின் தேதியைச் சரிபார்க்கிற கண் ஆயாவின் கையைப் பார்ப்பதில்லை. கையைப் பார்க்க வேண்டுமானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிற குழு, ஆபீஸ் அறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பாமல் குழந்தைகள் தூங்குகிற அறைக்குள் போக வேண்டும்.

இதற்கிடையில் இன்னொன்றும் மாறியிருக்கிறது. 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு உத்தரவு போடுவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட கலெக்டர். நீதிமன்றங்களில் வருஷக்கணக்கில் காலதாமதம் என்பது காரணம், நியாயமான காரணம்தான். காத்திருக்கிற குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு யுகம். ஆனால் வஞ்சியூரில் கடைசி நிமிஷத்தில் எழுந்து நின்று 'நிறுத்துங்கள்' என்று சொல்வதற்கு ஓர் இடம் இருந்தது. நாள் குறித்து வழக்கைக் கூப்பிட்டார்கள், நீதிபதி கேள்வி கேட்டார், ஊர் பார்த்தது. கலெக்டரின் மேஜையில் அது இன்னொரு ஃபைல்.

ஆகவே அரசு வக்கீலின் வேலையை முன்னால் தள்ள வேண்டும். உத்தரவுக்கு முந்தின நாள் அல்ல. குழந்தை 'விடுபட்டது' என்று குழு கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்தக் காகிதங்கள் அவர் பார்வைக்குப் போக வேண்டும். பெரிய சட்ட ஆராய்ச்சி தேவையில்லை. ஒப்படைத்தது யார், பெற்றவளை நேரில் பார்த்துக் கேட்டது யார், எந்தத் தேதியில் என்ற மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பதில் இல்லையென்றால், முதலமைச்சர் தலைவராக இருக்கிற சமிதியானாலும், ஃபைலைத் திருப்பி அனுப்பும் துணிச்சல் வேண்டும். அந்த மூன்று கேள்விகளைக் கேட்க ஒரு பிற்பகல் போதும். கேட்காமல் விட்டதால், 2021இல் ஒரு தாய் தன் குழந்தையோடு இருந்திருக்க வேண்டிய ஒரு வருஷத்தை இழந்தார்.