லேப் ஒரு சாக்கு

நம்மூர்ப் பிள்ளை ஒருத்திக்குக் கண்டியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பத்து வாரப் பயிற்சி கிடைத்திருக்கிறது. கெம்பஸில் மூன்றாம் வருடம், இரசாயனவியல். செமஸ்டர் விடுமுறையில் போய் வர வேண்டும். அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடியுமுன்னே ஊர் கதைக்கத் தொடங்கிவிட்டது. "எதுக்கு அவ்வளவு தூரம்? சம்மாந்துறையிலேயே லேப் இருக்கு. லெக்சரரும் லீவுல வந்து செய்யச் சொல்றார். வீட்டிலிருந்தே போய் வரலாமே!"

(பெயரைக் கேட்டுக் கொமென்ட் போட வேண்டாம். அவளிடமும் அவளுடைய உம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம்.)

அவளைப் படிப்பித்தவர்கள் நாங்கள். பேசாமல் இருக்க ஏலாது.

கெம்பஸ் லேபிலேயே நின்றுவிடுவது தவறான முடிவென்று நாங்கள் சொல்லவில்லை. தொடங்கிய பரிசோதனை பாதியில் நின்றால், லெக்சரர் தினமும் பக்கத்தில் நின்று சொல்லித்தருவார் என்றால், நிற்பதில் நியாயம் இருக்கிறது. புதிய இடத்தில் எது எங்கே இருக்கிறது என்று பழகவே இரண்டு மூன்று வாரம் போகும். பயிற்சி என்று கூப்பிட்டுப் போத்தல் கழுவ வைக்கும் இடங்களும் உண்டு. "என்னை யார் பார்த்துக்கொள்வார், எந்தக் கருவியில் வேலை, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம்" என்று கேட்டுத்தான் போக வேண்டும். அவள் கேட்டிருக்கிறாள். பதிலும் வந்திருக்கிறது.

ஆனால் இந்த ஊரில் யாராவது இதையெல்லாம் கேட்டார்களா? லேபில் என்ன கருவி இருக்கிறது என்று ஒரு மாமாவாவது விசாரித்தாரா? இல்லை. "லேப்" என்பது சாக்கு. பெண்பிள்ளை கண்டிக்குப் போகக்கூடாது என்பதுதான் விஷயம். அதை நேராகச் சொன்னால் நேராகப் பதில் சொல்லலாம். விஞ்ஞானத்தின் பெயரில் ஏன் சொல்கிறீர்கள்?

போன வருடம் இதே மாதிரி ஒரு வாய்ப்பு ஒரு மகனுக்குக் கிடைத்தபோது சந்தியில் பெனர் கட்டினோம். அவனிடம் யாரும் "இங்கேயே லேப் இருக்கே மகன்" என்று சொல்லவில்லை.

மஹ்ரம் இல்லாமல் எப்படி என்கிறார்கள். மார்க்கத்தில் பேணுதல் உள்ள ஒருவர் கேட்டால் அதை மதித்து உட்கார்ந்து பேசுவோம். ஆனால் இதே ஊரிலிருந்து எத்தனை உம்மாமார் றியாதுக்கும் குவைத்துக்கும் தனியாகப் போய், முகம் தெரியாதவர்களின் குசினியில் இரண்டு வருடம் நின்றார்கள்? அவர்கள் அனுப்பிய காசில் எத்தனை வீட்டுக்கு ஓடு போட்டோம்? அப்போது இந்தக் கேள்வி எங்கே போனது? அடுத்தவர் வீட்டுச் சட்டி கழுவ அனுமதி, சொந்தமாக ஒரு தொழில் படிக்க அனுமதி இல்லை.

செலவு என்கிறார்கள். மகளுக்குச் சீதன வீடு கட்ட வயல் விற்கும் ஊர் இது. அந்த வீட்டில் ஒரு கதவின் விலைக்குப் பத்து வாரம் கண்டியில் சாப்பிட்டுத் தங்கலாம்.

இன்னொன்று. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எப்படி வந்தது என்பது நம்மில் பலருக்கு மறந்துவிட்டது. யுத்த காலத்தில் நம் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும் போய்ப் படிக்க ஏலாமல் நடுத்தெருவில் நின்றார்கள். அதற்காகத்தான் 1995இல் அஷ்ரப் அவர்கள் முன்னின்று அதைத் தொடக்கினார். வழி அடைபட்ட பிள்ளைகளுக்கு வழி திறக்க வந்த கெம்பஸைக் காட்டியே இன்று ஒரு பிள்ளையின் வழியை அடைக்கிறோம்.

சரி, அவள் என்ன படிக்கிறாள் தெரியுமா? நம்முடைய கிணற்றுத் தண்ணீரை.

கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் வீடுகள் எப்படி நெருங்கி இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். சின்ன வளவுக்குள் ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் மலக்குழி. நிலம் மணல், தண்ணீரோ சில அடியில். குழியிலிருந்து கசிவது எங்கே போகும்? அந்தப் பக்கம் வயல், யூரியா. இரண்டிலிருந்தும் தண்ணீரில் நைட்ரேட் சேரும். ஒரு லீட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கூடினால் முதலில் பாதிக்கப்படுவது அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தை. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

கெம்பஸ் லேபில் இதை ஒவ்வொரு பொருளாக அளந்துகொண்டிருக்கிறாள். கண்டியில் அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கும் கருவி அயன் குரோமடோகிராபி. நைட்ரேட், குளோரைட், சல்பேட், புளோரைட் எல்லாம் ஒரே ஓட்டத்தில் வரும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது வயலிலிருந்து வந்ததா, குழியிலிருந்து வந்ததா என்று ஊகிக்கவாவது முடியும். அதோடு, தன்னைத் தெரியாத ஒருவரின் லேபில் தன் அளவீட்டை வைத்து, "இது பிழை, திரும்பச் செய்" என்று கேட்டு, திரும்பச் செய்வாள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது சிபாரிசுக் கடிதம் கொடுக்க இன்னொரு இடத்து ஆள் இருப்பார்.

கல்வியியற் கல்லூரியில் நாங்களும் இப்படித்தான் படித்தோம். இரண்டு வருடம் ஹொஸ்டலில் இருந்து, கூடப் படித்தவர்களுக்கு முன்னால் பாடம் நடத்திப் பழகினோம். அவர்கள் சமத்தாகக் கையுயர்த்துவார்கள். மூன்றாம் வருடம் கட்டுறுபயில்வுக்கு வேறு பாடசாலைக்குப் போய், நாற்பது பிள்ளைகள் சத்தம் போடும் வகுப்பில் நின்றபோதுதான் தொழில் கைக்கு வந்தது. இன்று உங்கள் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் டீச்சர்மார் பலர் அப்படி வீட்டை விட்டுப் போய்த் தங்கிப் படித்தவர்கள்தான். அவர்களுடைய ஒழுக்கத்தில் என்ன குறை கண்டீர்கள்?

அவளுடைய வாப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. அவரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். நாலு பேர் வீட்டு வாசலுக்கு வந்து "பிறகு கல்யாணம் பேசுறது கஷ்டம்" என்று சொன்னால் எந்த வாப்பாவும் தடுமாறுவார். அந்த நாலு பேருக்குத்தான் இந்தப் பதிவு. நாளைக்கு அவளுடைய அறிக்கை வந்து உங்கள் கிணற்றை மூட வேண்டியிருந்தால் அப்போதும் வாசலுக்கு வாருங்கள்.

எங்களோடு கல்லூரியில் படித்த டீச்சர் ஒருவர் அக்குறணையில் குடும்பத்தோடு இருக்கிறார். மேல்மாடி அறையொன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டார், வாடகை வேண்டாமாம். காலையில் கல்முனையில் பஸ் ஏறினால் பின்னேரம் கண்டி. முதல் நாள் உம்மாவும் கூடப் போய் இடத்தைப் பார்த்து வரலாம். பஸ் காசையும் சாப்பாட்டுச் செலவையும் நாங்கள் ஆசிரியர்கள் ஏழு பேர் பங்கு போட்டிருக்கிறோம், இன்னும் கொஞ்சம் குறைகிறது. வரும் வியாழனுக்குள் அவள் பதில் அனுப்ப வேண்டும். உதவ விரும்புகிறவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள். புத்தி சொல்ல விரும்புகிறவர்கள் கொமென்டில் சொல்லுங்கள், எங்களுக்கே சொல்லுங்கள், அவள் வீட்டுக்குப் போக வேண்டாம்.