ஸ்கேன் எனக்கா, உங்களுக்கா?

போன இதழில் மாங்காய் ஊறுகாயில் பூசணம் பிடிக்காமல் இருக்க வழி சொல்லியிருந்தேன். இந்தத் தடவை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன், சகோதரிகளே. எழுதலாமா, வேண்டாமா என்று ரொம்ப நாளாகத் தயங்கிய விஷயம் இது.

தயக்கத்தைப் போக்கியது ஒரு சின்னப் பெண். வருடாந்திரச் செக்கப்புக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மடியில் கைக்குழந்தையோடு இருந்தவள், தலையில் முடி இப்போதுதான் அரை அங்குலம் வளர்ந்திருந்தது, மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, ட்ரீட்மெண்ட் முடிஞ்சப்புறம் வருஷா வருஷம் முழு உடம்பு ஸ்கேன் எடுக்கணுமாமே? வளையலை அடகு வச்சாவது எடுத்துடலாம்னு அவர் சொல்றார். எனக்கு ஒண்ணும் புரியலை."

அதே கேள்வி என் வீட்டையும் ஒரு ஆட்டு ஆட்டி வைத்ததுதான். அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2019ல் எனக்கு இடது மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷனில் கட்டியை எடுத்தார்கள். கீமோதெரபி, ரேடியேஷன் எல்லாம் ஆகி 2020 தை மாதத்தில் சிகிச்சை முடிந்தது. அதற்கப்புறம் தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷத்துக்கு.

2021ல் நானே ஒரு காரியம் செய்தேன். டாக்டரைக் கேட்காமல், மகனும் நானுமாக முடிவு பண்ணி, ஒரு ஸ்கேன் சென்டரில் போய் 'பெட் ஸ்கேன்' எடுத்துக்கொண்டேன். காலையிலிருந்து பட்டினி. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரைத் தண்ணீரை நரம்பில் ஊசியாகப் போட்டு, ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வைத்தார்கள். எந்த இடம் அந்தச் சர்க்கரையை அதிகமாக இழுக்கிறதோ, அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். புற்றுநோய் இழுக்கும். ஆனால் சாதாரணச் சளிக் காய்ச்சல், புண், காசநோய் இவையும் இழுக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்தால் ஒன்றரை வயசுப் பேரன் "பாட்டி" என்று ஓடி வந்தான். அன்றைக்கு முழுக்கக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் கிட்டே விடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் வெளியே அழ, நான் உள்ளே அழ.

ரிப்போர்ட் வந்தது. வலது அக்குளில் ஒரு நெறி பளிச்சென்று தெரிகிறதாம். அவ்வளவுதான், வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்புறம்தான் டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "கொரோனா தடுப்பூசி எப்போ போட்டீங்க, எந்தக் கையில்?"

இரண்டு வாரம் முன்னால், வலது கையில். தடுப்பூசி போட்ட பக்கம் அக்குளில் நெறி கட்டுவது உண்டு. அது ஸ்கேனில் தெரிவதும் உண்டு. இருந்தாலும் என் சரித்திரம் அப்படிப்பட்டது ஆச்சே என்று ஊசி குத்தித் திசு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர 11 நாள். அந்த 11 நாளில் நான் மனசுக்குள் எழுதாத உயில் இல்லை. கடைசியில் ஒன்றும் இல்லை. என் கணவருக்கு மட்டும் ரத்த அழுத்தம் வந்து, இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

2025 பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தோம். என் ஐந்து வருஷ மாத்திரையும் முடிகிற சமயம். என் நாத்தனார்தான் ஆரம்பித்தாள். "அண்ணி, மாத்திரையை நிறுத்தறதுக்கு முன்னாடி தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க. எங்க தெருவில் ஒருத்தங்க நல்லாத்தான் இருந்தாங்க. திடீர்னு எலும்பில் வந்துடுச்சு." மகன், "பணம் நான் தர்றேம்மா" என்றான். மருமகள் மட்டும், "அத்தை மறுபடி அந்த 11 நாளைத் தாங்குவாங்களா?" என்றாள். என் கணவர் வாயே திறக்கவில்லை. ராத்திரி பார்த்தால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க, ஸ்கேன் எனக்கா, உங்களுக்கா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "எனக்குத்தான்னு வச்சுக்கோயேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பயம் என் பயத்துக்குக் குறைந்ததா என்ன?

இந்த முறை டாக்டரம்மாவிடம் முதலில் போனோம். என் கணவரே கேட்டார்: "சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்லதுதானே, டாக்டர்?"

அவர் நிதானமாகச் சொன்னார். "மார்பகத்துக்குள்ளே புதுசா வந்தாலோ, அங்கேயே திரும்ப வந்தாலோ, சீக்கிரம் கண்டுபிடிச்சா நிச்சயம் நல்லது. அதனால்தான் வருஷம் ஒரு தடவை மேமோகிராம் எடுக்கச் சொல்றேன். அதை விடவே கூடாது. எலும்பு, ஈரல் மாதிரி வேற இடத்துக்குப் போறது வேற கதை. அதை ஒரு தொந்தரவும் இல்லாதபோது ஸ்கேன் எடுத்துச் சில மாசம் முன்னாடியே பார்த்ததால் ஆயுள் கூடினதாக நிரூபணம் இல்லை."

இதை இத்தாலியில் இரண்டு பெரிய ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்களாம். முடிவுகள் 1994ல் வெளியாயின. ஒவ்வொன்றிலும் 1,200 பெண்களுக்கு மேல். ஒரு பிரிவினருக்கு நெஞ்சு எக்ஸ்ரே, எலும்பு ஸ்கேன் என்று தவறாமல் எடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு டாக்டர் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டும். உயிர் பிழைத்திருப்பதில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "அப்போதைய மெஷின் வேற, இப்போதைய மெஷின் வேற, அது நிஜம்தான். ஆனா தொந்தரவு இல்லாதவங்களுக்கு பெட் ஸ்கேன், சி.டி. ஸ்கேன் எல்லாம் வழக்கமா எடுக்க வேண்டாம்னுதான் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தோட வழிகாட்டுதலும் சொல்லுது" என்றார்.

"ஸ்கேன் சுத்தமா இருந்தா நிம்மதிதானே?" இவர் விடவில்லை.

"கண்ணுக்குத் தெரியற அளவு எதுவும் இல்லைன்னுதான் அர்த்தம். கடுகை விடச் சின்னதா இருந்தா எந்த மெஷினுக்கும் தெரியாமல் போகலாம். அந்த நிம்மதி எத்தனை நாளைக்கு? அடுத்த வருஷம் மறுபடி எடுக்கணும்னு தோணும்."

வேண்டாம் என்று முடிவு செய்தோம். பயம் அன்றோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்துக்கு ஒரு ஒழுங்கு வந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். உடம்பில் புதிதாக ஏதாவது வந்தால் தேதி போட்டு எழுதுவேன். இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் போகாவிட்டால் டாக்டரிடம் போவேன்.

அந்த வருஷம் ஆடி மாதம் முதுகு வலி வந்தது. மூன்று வாரமாகியும் விடவில்லை, ராத்திரியில் அதிகம். நோட்டோடு போனேன். டாக்டரம்மா ஒரு நிமிஷம் கூட யோசிக்காமல் முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். நானும் தயங்காமல் எடுத்துக்கொண்டேன். எலும்புத் தேய்மானம் என்று வந்தது. வேறு மாதிரி வந்திருந்தாலும் அன்றைக்கு எடுத்தது சரிதான். அந்த ஸ்கேனுக்கு ஒரு காரணம் இருந்தது.

இதையெல்லாம் சொன்னதும் அந்தப் பெண், "அப்போ நான் டாக்டர்கிட்டே என்ன கேட்கணும்?" என்றாள். அவளுக்கு எழுதிக் கொடுத்தது இது:

1. இந்த ஸ்கேன் எதைத் தேடுவதற்கு? அதற்கு எனக்கு ஏதாவது அறிகுறி இருக்கிறதா?

2. ஏதோ இருக்கிறது என்று வந்தால் என் சிகிச்சை மாறுமா? இப்போதே கண்டுபிடிப்பதால் என்ன லாபம்?

3. சந்தேகமாக வந்தால் அடுத்து என்ன சோதனை? அதற்கு எத்தனை நாள், எவ்வளவு செலவு?

4. நான் கட்டாயம் செய்ய வேண்டிய பரிசோதனை எது, எப்போது?

நான் சொன்னது ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து, தொந்தரவு இல்லாமல் இருப்பவர்களுக்கு. குடல் புற்றுநோய் என்றால் கணக்கே வேறு. அதில் சிலருக்கு ஈரலில் பரவியதைக் கூட ஆபரேஷன் செய்து எடுக்க முடியும் என்பதால், ரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் குறிப்பிட்ட காலத்துக்குத் தவறாமல் எடுக்கச் சொல்வார்கள். ஆகவே என் கதையைப் படித்துவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேனை யாரும் விட்டுவிடாதீர்கள்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: புதுக் கட்டி, அக்குளில் நெறி, தழும்பு உள்ள இடத்தில் தோல் மாற்றம், விடாத எலும்பு வலி, விடாத இருமல், மூச்சு வாங்குதல், விடாத தலைவலி, காரணமில்லாத இளைப்பு, மஞ்சள் காமாலை. 'டமாக்சிஃபென்' மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் அதையும் உடனே சொல்ல வேண்டும். முதல் மூன்று வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவையும், அடுத்த இரண்டு வருஷம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு தடவையும், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையும் டாக்டரிடம் காட்டிக்கொள்வது வழக்கம். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இதை விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பெண் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். இந்தத் தடவை கதவைச் சாத்த வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அவள் வருகிற வரைக்கும் குழந்தை என் தோளில் நன்றாகத் தூங்கியது.